வளர்மதி பேரில் ஒரு பிராது

விருத்தாசலம்
4.3.2024

அன்பு நாத்தனார் வளர்மதிக்கு,

வாயைத் தவிர மற்றதெல்லாம் இங்கே நலம். போனில் பேச முடியாததால் இந்தக் கடுதாசி. நாலு மாசமாக வாய்ப்புண். பத்து நாளில் ஆறுகிறது. அடுத்த மாசம் வேறு இடத்தில் முளைக்கிறது. செராமிக் கம்பெனியில் என்னோடு கப்புக்குப் பூ வரைகிற சிவசங்கரி, "நீ பேசாம ஊரு சேதி ஒண்ணும் தெரியலக்கா" என்று புலம்புகிறாள்.

என் பேரன் காதுகுத்தில், "உங்க வாயி ஒரு மாசம் மூடிக் கெடந்தா நல்லா இருக்கும் அண்ணி" என்றாயே, மறுநாளே முதல் புண். உன் வாக்குதான் பலித்தது. நேற்று கொளஞ்சியப்பர் கோயிலில் உன் மேல் உள்ள குறையைச் சீட்டில் எழுதி, பிராதாகக் கட்டிவிட்டேன். சாமி விசாரிக்கட்டும்.

உன் அண்ணி
பார்வதி

சேத்தியாத்தோப்பு
9.3.2024

அண்ணிக்கு,

சாமிக்கு முன்னால் ஒரு டாக்டர் விசாரிக்கட்டும். நான் ஏன் அப்படிச் சொன்னேன் என்று பிராதில் எழுதினீர்களா? என் மகள் சுபாஷினிக்கு நிச்சயம் நின்றுபோனதைப் பந்தியில் சாம்பார் ஊற்றுகிறவர் வரைக்கும் சொன்னது யார்? அன்றிலிருந்து அவள் எந்த விசேஷத்துக்கும் வருவதில்லை.

வளர்மதி

விருத்தாசலம்
25.3.2024

அன்புள்ள வளர்மதி,

எழுதவில்லை. என் குற்றத்தை நானே எழுத எனக்கென்ன அவ்வளவு பெரிய மனசா?

டாக்டரிடம் போனேன். என்ன வேலை என்று விசாரித்துவிட்டுக் கேட்டார்:

"பிரஷ் நுனிய எப்படிங்க கூராக்குவீங்க?"

"நாக்குலதாங்க."

"பெயின்ட்டோடயா!" என்று எழுந்தே நின்றுவிட்டார். அதை அன்றோடு விட்டேன். ரத்தம் பார்த்ததில் பி12 குறைவு. விரதம் விரதமென்று மீன், முட்டை, பால் எல்லாவற்றையும் ஒதுக்கினேன் இல்லையா, அதன் வேலையாம். ஊசி போட்டார். புண்ணில் தடவ மருந்து, கொப்பளிக்க உப்புத்தண்ணீர். "ஒரே புண்ணு மூணு வாரம் ஆறாம இருந்தா உடனே வந்துடணும்" என்றார். காலண்டரில் குறித்து வருகிறேன். இதை ஒரு கை பார்க்காமல் விடுவதாக இல்லை.

பிராதைத் திரும்ப வாங்க, கோயிலில் இன்னொரு சீட்டு எழுதிக் கொடுக்க வேண்டும்; அதற்கு ராஜினாமா என்று பேர். வெள்ளிக்கிழமை எழுதிவிட்டேன். "குற்றம் என்னுடையது" என்று ஒரு வரியும் சேர்த்தேன். அதைச் சுபாஷினியிடம் நேரில் சொல்ல வரலாமா? வேண்டாமென்றால் வரமாட்டேன்.

பார்வதி

சேத்தியாத்தோப்பு
28.3.2024

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் கடிதத்தைச் சுபாஷினியிடம் கொடுத்தேன். இரண்டு தடவை படித்தாள். ஞாயிற்றுக்கிழமை திட்டக்குடியிலிருந்து பெண் பார்க்க வருகிறார்கள். நின்றுபோன நிச்சயத்தைப் பற்றி அவளே மாப்பிள்ளையிடம் போனில் சொல்லிவிட்டாள்.

"அத்தைக்குச் சொல்றதுக்கு இனிமே ஒண்ணும் மிச்சமில்ல, தைரியமா வரச்சொல்லும்மா" என்கிறாள்.

காலையிலேயே வந்துவிடுங்கள்.

வளர்மதி