எர்த் கம்பியும் ஒரு பிடி உப்பும்

11.10.2017, புதன். காலை 10.40. தரம் 8. வந்தவர்கள் 31. கை உயர்த்தியவர்கள் 6.

அந்த ஆறுதான் இப்போது பிரச்சினை.

வானம் மூடிக் கிடக்கிறது. களப்பிலிருந்து உப்புக்காற்று. பாடம்: கடத்தி, காவலி. ஒரு கோப்பை மழைத் தண்ணீர், இரண்டு ஆணி, 9 வோ. பற்றரி, சிவப்பு எல்.ஈ.டி. (டோர்ச் பல்ப் இதற்கு எரியாது. போன வருடம் செய்து பார்த்து வெட்கப்பட்டாயிற்று.) வெறும் தண்ணீரில் எரியவில்லை. உப்புப் போட்டதும் எரிந்தது. கைதட்டல்.

அடுத்து புவித்தொடுப்பு, அதாவது எர்த். சொன்னது: "தண்ணி மோட்டருக்குள்ள வயர் தேய்ஞ்சா கரண்ட் வெளி இரும்புக்கு வரும். அது மண்ணுக்குப் போக வழி தேடும். எர்த் கம்பி இருந்தா அதால போகும். இல்லாட்டி உங்கட காலால போகும்."

ஸஹ்லா எழும்பினாள். "சேர், எங்கட மோட்டர்க் குழாயத் தொட்டா எறும்பு கடிக்கிற மாதிரி இருக்கு."

பின் வாங்கிலிருந்து ஒருவன்: "அவட உம்மா செருப்புப் போட்டுத்தான் கோப்பை கழுவுவா சேர்." சிரிப்பு.

வேறு யாருக்கு என்று கேட்டேன். ஸஹ்லாவோடு சேர்த்து ஆறு கை. ஆறும் ஒரே இடம். இடம்பெயர்ந்து முகாமில் இருந்தவர்களுக்குக் கட்டிக்கொடுத்த பதினாலு வீடு.

அந்தப் பதினாலு வீட்டுக்கும் 2013இல் எர்த் கம்பி இறக்கியது நான்.

மோட்டர் ஓடும்போது குழாயைத் தொட வேண்டாம் என்று மட்டும் சொன்னேன். மேலே பாடம் நடத்தவில்லை. சோக்குக்கட்டி கையில் உடைந்துவிட்டது.

12.10, வியாழன். புழுக்கம். சைக்கிள் செயின் இரண்டு தரம் கழன்றது.

பாடசாலை விட்டு மதுரங்குளி போனேன். ரஊப் நானாவின் கடை. வயரிங் வேலையை அவரிடம்தான் பழகினேன். அந்தப் பதினாலு வீடும் அவர் எடுத்த வேலை. மணல் காய்ந்தது, கரண்ட் இறங்காது என்று கம்பியைச் சுற்றிக் கரியும் உப்பும் போடச் சொன்னார். கரி காசு. உப்பு, உப்பளத்து வாய்க்காலில் சும்மா கிடைத்தது. ஆகவே உப்பு. வீட்டுக்கு ஒரு சாக்கு.

உப்பு இரும்பைத் தின்னும். எனக்கு அப்போதே தெரியும். டெக்னிக்கல் கொலிஜில் எழுதிப் பாஸ் பண்ணிய கேள்வி. வேலை முடிந்தால் போதும் என்றிருந்தேன்.

நானா சொன்னது: "நாலு வருஷமா ஒருத்தரும் மௌத்தாகல்ல தானே. நீ இப்ப போய் நான்தான் பிழையாப் போட்டன் எண்டு சொன்னா, நாளைக்கு அங்க ஒரு கோழி செத்தாலும் உன்ட தலையிலதான்."

"ட்ரிப் சுவிட்ச் இருக்கு" என்றும் சொன்னார். இருக்கிறது, கரண்ட் கசிந்தால் தானே அணைக்கும். எர்த் இல்லாவிட்டால் ஆள் தொட்ட பிறகுதான் அதற்கே தெரியும். அதுவும் வேலை செய்தால்.

சோற்றை மூடி வைத்தேன். காய்ச்சலா என்று என் உம்மா கேட்டா. ஓம் என்றேன்.

13.10, வெள்ளி. ஜும்ஆவுக்குப் பிறகு இருட்டிக்கொண்டு வந்தது. அஸர் தொழுதுவிட்டு ஸஹ்லா வீடு. அவளுடைய வாப்பா கடலில். உம்மா வெறுங்காலோடு மோட்டரடியில் சட்டி கழுவிக்கொண்டிருந்தா. மோட்டர் ஓடுகிறது.

கத்திவிட்டேன். அந்த மனுஷி சட்டியைப் போட்டுவிட்டா.

டெஸ்டரைக் குழாயில் வைத்தேன். எரிந்தது. மோட்டரை நிறுத்தி மண்ணைத் தோண்டினேன். கம்பி ஐந்தடி இறக்கியது. கையோடு வந்தது முக்கால் அடி. நுனி ஈர்க்கு மாதிரி. வயர் பூட்டிய இடத்தில் சிவப்புத் தூள்.

"மோட்டர் பழசு" என்றேன். பொய்.

"அப்ப புதுசு வாங்கிப் பூட்டினாச் சரியா, சேர்?"

கேட்டது உம்மா. ஸஹ்லா கம்பியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இது நீங்க போட்டது தானே, சேர். நான் அப்ப தரம் நாலு. எனக்கும் ஒரு பிடி உப்புத் தந்தீங்க, போடு எண்டு."

ஓம் என்றேன்.

"உப்புப் பட்டா இரும்பு கெதியாத் துருப்பிடிக்கும் எண்டு போன வருஷம் படிப்பிச்சீங்களே." பிறகு மெதுவாக: "நான் போட்ட உப்பும் திண்டிருக்குமா?"

உம்மா ஏசவில்லை. ஏசியிருந்தால் லேசாக இருந்திருக்கும். "மத்த வீட்டாக்களுக்குச் சொல்லிட்டீங்களா?" என்று மட்டும் கேட்டா. "பக்கத்து வீட்டுல புள்ளத்தாச்சி இருக்கு, சேர்."

இந்த மோட்டரைக் கழற்றிவிட்டு அங்கே ஓடினேன். அதையும் கழற்றினேன். அந்தப் பெண்ணுக்கு எட்டு மாதம். கால் ஈரம். அதற்குள் பாங்கு. பெரிய இடி. ஊர் முழுக்கக் கரண்ட் போய்விட்டது. கரண்ட் போனதற்கு அல்ஹம்துலில்லாஹ் சொன்னது இன்றுதான்.

மாலை 6.25. மஃரிப் தொழுதாயிற்று. பள்ளிவாசல் வராந்தா. மழை தொடங்கிவிட்டது. ஆட்கள் உள்ளே நிற்கிறார்கள். மோதினார் கையில் பிடிக்கும் ஸ்பீக்கருக்குப் பற்றரி தேடுகிறார். அது கிடைக்கும்வரை எழுதுகிறேன். கரண்ட் எந்த நிமிடமும் வரலாம்.

1. ஸ்பீக்கரில் சொல்வது: கரண்ட் வந்தாலும் மோட்டரைப் போட வேண்டாம், குழாயைத் தொட வேண்டாம். என் பெயரையும் சொல்வது. ரஊப் நானா பெயர் வேண்டாம். சாக்கைக் கொட்டிய கை என்னுடையது.
2. மீதி 12 வீடு. ஒவ்வொன்றிலும் நானே போய் மோட்டரைக் கழற்றுவது. முதலில் சின்னப் பிள்ளைகள் உள்ள வீடுகள்.
3. நாளை செம்புக் கம்பி. ஈரமண் வரும்வரை இறக்குவது. உப்பு ஒரு கல்லும் இல்லை.
4. ட்ரிப் சுவிட்ச் 14ஐயும் சோதிப்பது.
5. என் உம்மாவிடம் சொல்வது, காய்ச்சல் இல்லை என்று.
6. திங்கள், தரம் 8. இந்தத் துருக்கம்பியை மேசையில் வைத்துப் பாடத்தை முடிப்பது.
7. அதற்கு முன் ஸஹ்லாவிடம்: நீ போட்டது ஒரு பிடி. ஒரு சாக்குப் போட்டது நான்.