பாகாலா தாண்டி மின்னிய மஞ்சள் விளக்கு

காணிப்பாக்கம் கோயிலில் வண்டிகள் நிறுத்தும் இடத்தில் நின்றிருந்தேன். பக்கத்துக் காரின் சைலன்சரிலிருந்து எரியாத பெட்ரோல் வாடை வந்தது. இன்ஜின் உதறிக்கொண்டிருந்தது. அந்த ஓட்டுநரிடம் போய் அணைக்கச் சொல்லலாம் என்று நினைத்தும் போகவில்லை. அந்த வாடை உன்னை முன்சீட்டில் கொண்டுவந்து உட்கார வைத்துவிட்டது.

உனக்கு டயாலிசிஸ் நாள் என்றால் நம் டாக்சிக்கு வேறு சவாரி கிடையாது. குடிபாலாவில் நம் வீட்டிலிருந்து திருப்பதி ஆஸ்பத்திரி வரை நீ பேசிக்கொண்டே வருவாய். அன்று பாகாலா தாண்டியதும் வண்டி உதறியது. “இன்னா மாமா, பெட்ரோல் நாறுது?” என்றாய். மீட்டர் பக்கத்தில் இன்ஜின் படம் போட்ட மஞ்சள் விளக்கு மின்னியது.

அது விடாமல் எரிந்தால் மெதுவாக ஓட்டிப்போய் மெக்கானிக்கிடம் காட்டலாம். மின்னினால் நிறுத்திவிட வேண்டும். எரியாத பெட்ரோல், புகையைச் சுத்தம் செய்யும் கன்வர்ட்டருக்குள் போய் எரியும். அது பழுக்கக் காய்ந்து உள்ளே உருகிவிடும். எனக்கு இது தெரியும். ஆனால் உன் கால்கள் வீங்கியிருந்தன, மூச்சு வாங்கியது. நான் ஓட்டிக்கொண்டே இருந்தேன்.

“நிறுத்து மாமா.”

“மொதல்ல உன்ன ஆஸ்பத்திரில வுட்டுடறேன். அப்பால பாத்துக்கலாம்.”

“வண்டி போச்சின்னா அடுத்த வாட்டி எதுல இட்டுக்கினு போவ? நிறுத்துன்னா நிறுத்து.”

அந்தச் சூட்டில் பற்றிக்கொள்ளாதபடி காய்ந்த புல் இல்லாத இடமாகப் பார்த்து ஓரம் கட்டினேன். திருப்பதி பஸ்ஸைக் கைகாட்டி நிறுத்தியதும் நீதான். நானும் வரக் கிளம்பினேன். “நீ எதுக்கு வர? மெக்கானிக்கக் கூப்டு” என்றாய். கண்டக்டர் “எக்கம்மா, எக்கு” என்று தெலுங்கில் அவசரப்படுத்தினார். வீங்கிய காலைக் கையால் தூக்கிப் படியில் வைத்து ஏறினாய்.

சாயங்காலம் நான் வந்தபோது ஆஸ்பத்திரி வாசல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாய். உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்பதற்குள், “வண்டி இன்னா சொல்லிச்சு?” என்றாய்.

மெக்கானிக் ஸ்கேனரைச் செருகிப் பார்த்ததைச் சொன்னேன். மூன்றாவது சிலிண்டரில் பெட்ரோல் சரியாகப் பற்றவில்லை. ஒவ்வொரு சிலிண்டரும் பற்றும்போது இன்ஜினுக்குள் சுழலும் கிராங்க் தண்டுக்கு ஒரு தள்ளு கிடைக்கும். ஒன்று தவறினால், அந்த நொடியில் தண்டின் சுழற்சி துளியூண்டு தளரும். தண்டோடு சுற்றும் பல்சக்கரத்தின் பக்கத்தில் இருக்கும் சென்சார் அந்தத் தளர்ச்சியைப் பிடித்துவிடும். அது எந்தச் சிலிண்டரின் முறை என்று கம்ப்யூட்டர் கணக்குப் போட்டுவிடும். தீப்பொறி தரும் ‘இக்னிஷன் காயில்’ கெட்டிருந்தது, மாற்றியாயிற்று. கன்வர்ட்டருக்கு முன்னும் பின்னும் புகையை மோப்பம் பிடிக்கும் சென்சார்களையும் பார்த்துவிட்டு, “கன்வர்ட்டர் பாகானே உந்தண்ணா” என்றார், அது நன்றாகவே இருக்கிறதாம்.

“துளியூண்டு தளந்தாகூட தெரிஞ்சிடுமா?” என்றாய். உன் இரண்டு சிறுநீரகமும் கெட்டுப்போனது தெரியவந்தபோது காப்பாற்ற மிச்சம் ஒன்றும் இருக்கவில்லை. அதை நீ சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. பிறகு, “அப்போ வண்டி பொழச்சிக்கிச்சு” என்று சிரித்தாய்.

உன் தம்பியின் சிறுநீரகம் உனக்குப் பொருந்தவில்லை. மாற்றுச் சிறுநீரகத்துக்குக் காத்திருக்கச் சொன்னார்கள். காத்திருந்தோம். முறை வரவில்லை. ஒரு நாள் காலை ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில், சந்திரகிரிக்கு முன்பே உன் பேச்சு நின்றது. கூப்பிட்டேன், தோளைப் பிடித்து உலுக்கினேன். முடிந்த மட்டும் ஆக்சிலரேட்டரை மிதித்தேன். வண்டி ஒரு குறையும் இல்லாமல் ஓடியது. ஆஸ்பத்திரி வாசலில் உன்னை இறக்கியவர்கள் அவசரப்படவே இல்லை. அதிலேயே தெரிந்துகொண்டேன்.

அதே வண்டிதான் இப்போதும் சோறு போடுகிறது. வேகத்தடை வந்தால் வண்டியை நடக்கவிடுவதுபோல் ஏற்றி இறக்குகிறேன். டயாலிசிஸுக்கு ஊசி குத்திய கை, வண்டி தூக்கிப் போட்டால் விண்ணென்று வலிக்கும் என்பாய். பின்சீட்டில் யாராவது, “கொஞ்சம் சீக்கிரம் போப்பா, தரிசனத்துக்கு டைம் ஆவுது” என்கிறார்கள். சரி என்கிறேன். அடுத்த வேகத்தடையிலும் கால் தானாகவே பிரேக்குக்குப் போய்விடுகிறது. அதனால் யார் வலியும் குறைவதில்லை.