மூன்று ஜன்னல்களையும் ஒன்றாகக் கழற்றிய நாள்

அன்புள்ள நானா,

இன்றைக்கு வீட்டில் ஜன்னல் மாற்றுகிறார்கள். நீங்கள் செய்து தந்த பலகை ஜன்னல்களை எடுத்துவிட்டு சில வருடங்களுக்கு முன் என் மகன் பிளாஸ்டிக் ஜன்னல் போட்டான். அதைப் பார்க்காமல் நீங்கள் போய்ச் சேர்ந்தது ஒருவகையில் நல்லதுதான். மாத்தளை வெயிலுக்கு அவை மஞ்சளாகி, சுற்றி வெளியே அடித்த சட்டங்கள் வாய்பிளந்து, மழைத்தண்ணீர் சுவருக்குள் இறங்கத் தொடங்கிவிட்டது. "வெளிச்சட்டம் போனா சுவரும் போயிரும் டீச்சர்" என்று நீங்கள் அன்றே சொன்னீர்கள்.

காலையில் வேலைக்கு வந்தவர் கேட்டார்: "அம்மா, மூணையும் ஒன்னாக் கழட்டிரட்டுங்களா? வேல சுருக்கா முடியும்." எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "கழட்டுங்க" என்றேன். முன்சுவரில் மூன்று ஓட்டைகள் விழுந்தன. பழைய சுண்ணாம்பு வாசனை அறை முழுக்க வந்தது. கூடவே நீங்களும் வந்துவிட்டீர்கள்.

எண்பத்து மூன்று ஜூலையில் நீங்களும் இதையேதான் சொன்னீர்கள். ஒவ்வொன்றாகக் கழற்றுங்கள் என்று நான் தலைபாடாக அடித்துக்கொண்டேன். கேட்டீர்களா? முன்னறைச் சாமான்களையெல்லாம் பின்னுக்குத் தள்ளிவிட்டு, கறையான் தின்ற மூன்று ஜன்னல்களையும் நிலையோடு பெயர்த்து முற்றத்தில் போட்டீர்கள். புதியவை டவுனுக்கு அந்தப் பக்கம் உங்கள் பட்டறையில் இருந்தன. எடுத்துவரக் கிளம்பும்போது, தமிழர் கடைகள் எரிகின்றன என்று செய்தி வந்தது. ஊரடங்கும் போட்டுவிட்டார்கள். என் வீட்டுக்காரர் இரத்தோட்டையில் தோட்டத்து வேலையில் மாட்டிக்கொண்டார். இங்கே நானும் இரண்டு பிள்ளைகளும், மூட வழியில்லாத மூன்று ஓட்டைகளும்.

வாய்க்கு வந்தபடி உங்களைத் திட்டினேன். "மனுசனா நீங்க? இந்த நேரத்துல வீட்டத் தொறந்து போட்டுட்டீங்களே, எம்புள்ளைகள யாரு காப்பாத்துவா?" நீங்கள் "புள்ளைகள சத்தம் போட விடாதீங்க" என்று மட்டும் சொல்லி எங்களைக் குசினிக்குள் தள்ளிக் கதவைச் சாத்தினீர்கள்.

பொழுது சாயுமுன் கடை எரித்த கூட்டம் வந்தது. மகளின் வாயைப் பொத்திக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தேன். யார் வீடு என்று ஒருவன் சிங்களத்தில் அதட்டினான். உங்கள் சுத்தியல் சத்தம் நிற்கவில்லை. இருந்தவர்கள் எப்போதோ போய்விட்டார்கள், வீட்டை இடிக்கத்தான் நான் வந்திருக்கிறேன், பாருங்கள், ஜன்னல்கூட இல்லை என்று நீங்களும் சிங்களத்தில், வேலை கெடுகிற சலிப்போடு சொன்னீர்கள். எறிந்து உடைக்க ஒரு கண்ணாடியும் இல்லாத வீட்டில் அவர்களுக்கு என்ன வேலை? போய்விட்டார்கள்.

பொழுது அடைந்து பள்ளிவாசலில் மஃரிபு பாங்கு கேட்ட பிறகுதான் தண்ணீர் கேட்டீர்கள். நோன்புப் பெருநாளுக்குப் பிறகு பிடிக்கிற ஆறு நோன்பில் அன்று ஒன்று என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. குடித்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டீர்கள். "நோன்போட பொய் சொல்லிட்டேன் டீச்சர். அல்லா மன்னிக்கணும்." எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. உயிர் தப்பிய சந்தோஷம் அது, வேறொன்றுமில்லை.

நாங்கள் ஊரைவிட்டுப் போகவில்லை. பிள்ளைகள் இந்த வீட்டிலேயே வளர்ந்தார்கள். இன்று திறந்து கிடக்கும் சுவருக்கு நேரே நாற்காலி போட்டுத் தேநீர் குடித்தேன், நானா. தெருவில் போனவர்கள் தலையாட்டிவிட்டுப் போனார்கள். நானும் தலையாட்டினேன்.

திட்டியதற்கு மன்னிப்புக் கேட்க வேண்டுமென்று நினைத்துக்கொண்டே இருந்தேன், நீங்கள் போய்விட்டீர்கள். அங்கே அந்தப் பொய்யைப் பற்றி உங்களிடம் விசாரித்தால் தலையைக் குனியாதீர்கள். டீச்சரைக் கேளுங்கள் என்று சொல்லுங்கள். சாட்சிக்கு நாங்கள் மூன்று பேரும் உயிரோடு இருக்கிறோம்.