நடவு வயலில் லத்தீன்

காலையில் லேபுக்குப் போய் ரிசல்ட் வாங்கி வந்தேன். பாக்டீரியா எதுவும் இல்லையாம். நிம்மதிப்பட வேண்டியவள், அந்தச் சொல்லைப் பார்த்ததும் தாளை மடித்து வைத்துவிட்டேன். உன் குரல் கேட்டுவிட்டது.

என் ஹாஸ்டல் தோழி நீ, பி.யு.சி. விலங்கியலில் ஒருமுறை தவறியிருந்தாய். செப்டம்பரிலும் தவறினால் டாக்டர் படிப்பு கனவுதான். லத்தீனிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்த சொற்கள்தான் உன்னைப் படுத்தின. 'அம்' என்று முடிந்தால் பன்மையில் 'ஆ', 'அஸ்' என்று முடிந்தால் 'ஐ'. மண்டையில் ஏறவே இல்லை. பரீட்சைக்கு முந்தைய வாரம் உன்னோடு ஒரத்தநாட்டுப் பக்கம் உன் ஊருக்கு வந்தேன். நாகூர்க் கடைக்காரர் மகளான எனக்கு நடவு பார்க்கும் ஆசை.

சேற்றில் நின்றபடி நீ "பாக்டீரியம்" என்று இழுத்தாய். நீ சொல்லிக்கொடுத்திருந்த நடவுப் பெண்கள் குனிந்தபடியே "பாக்டீரியா" என்றார்கள். "ஃபங்கஸ்" என்றாய், "ஃபங்கை" என்றார்கள். எல்லாம் நடவுப் பாட்டு மெட்டில்.

"எழுதப் படிக்கத் தெரியாத நாங்கதான் பாஸாவோம் போல" என்று உன் அம்மா சிரித்தார்.

கூலிப் போராட்டம் சூடாக இருந்த வருடம். புது ஆட்சி வந்தும் வயலில் பயம் போகவில்லை. மிராசுதாரரின் காரியஸ்தர் குடையோடு வரப்பில் வந்து நின்றதும் பாட்டு நின்றது.

"புதுசா இருக்கே. யாரு எடுத்துக் குடுத்தது?"

"எல்லாருந்தாங்க" என்றார் உன் அம்மா.

அங்கே பாட்டை எடுத்துக் கொடுப்பவள் பேரை யாரும் சொல்வதில்லை. முன்னால் நிற்பது யாரென்று தெரிந்தால் முதல் அடி அவளுக்குத்தான். எனக்கு அது தெரியாது. என் வாய் சும்மா இருந்திருக்கலாம்.

"இவதாங்க. காலேஜ்ல படிக்கிறா. இவ சொன்னா எல்லாரும் சொல்றாங்க" என்று பெருமையாக உன்னைக் காட்டினேன்.

அவர் உன்னை நிதானமாகப் பார்த்தார். "அப்படியா" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். அன்று மாலை நீ என்னைத் திட்டவில்லை. "விடு, உனக்குத் தெரியாதுல்ல" என்றாய்.

நான் முன்னதாகவே தஞ்சாவூர் ஹாஸ்டலுக்குத் திரும்பினேன். பரீட்சையன்று உன் ஹால் டிக்கெட்டோடு வாசலில் நின்றேன். மணி அடித்தது, நீ வரவில்லை. விடியலில் பஸ் ஏறப் புறப்பட்ட உன்னை வாய்க்கால் மதகடியில் அடித்துக் கொன்று போட்டிருந்தார்கள். வழுக்கி விழுந்ததாகப் போலீஸில் எழுதி முடித்தார்கள்.

வெளியூரிலிருந்து ஓடிவந்த உன் அண்ணன், "அந்தாளுகிட்ட இவளைக் காட்டிக் குடுத்தது யாரு?" என்று ஒவ்வொருவரிடமும் கேட்டார். நான் உன் கால்மாட்டில் உட்கார்ந்திருந்தேன். உன் அம்மா என் பக்கம் திரும்பவே இல்லை.

"எல்லாருந்தாம்ப்பா" என்றார்.

பிறகு முப்பது வருடம் விலங்கியல் நடத்தினேன். வகுப்பில் எவ்வளவு கூச்சல் எழுந்தாலும், யார் ஆரம்பித்தது என்று கேட்டதே இல்லை. பயந்த டீச்சர் என்று பேர். உண்மைதான். அன்று உன் அண்ணனிடம் சொல்ல வேண்டிய பதிலை இன்றுவரை யாரிடமும் சொல்லவில்லை. நான்தான்டி.