அபூ மிலாத் மாடியில் வைக்காத சுவிட்ச்

ஸஹ்லே, லெபனான்
செப்டம்பர் 14

என் செல்ல மகள் ஹனானுக்கு அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் சுகமாக இருக்கிறோம், கனடாவில் நீயும் வேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருப்பாய் என்ற நினைப்போடுதான் தினமும் எழுந்திருக்கிறோம். சண்டைக் காலத்தில் நானும் பக்கத்து வீட்டு அபூ மிலாதும் ஒரே ஜெனரேட்டரிலிருந்து ஜன்னலுக்கு ஜன்னல் கம்பி இழுத்தோமே ஞாபகமிருக்கிறதா, அந்த ஒற்றை பல்பின் கீழே நீயும் அவன் மகன் மிலாதும் தலையோடு தலை முட்டிக்கொண்டு படிப்பீர்கள், அப்போது எந்த விதியை யார் பார்த்தார்கள், ஆனாலும் அந்த வெளிச்சம் இன்னும் கண்ணிலேயே இருக்கிறது.

போன வருஷம் இரண்டு வீட்டு மாடியிலும் சோலார் மாட்டும்போது நீ போனில் படித்துப் படித்துச் சொன்னாய், வெயில் அடிக்கும்வரை தகட்டில் கரண்ட் நிற்காது, அதை மாடியிலேயே வெட்டிவிட டி.சி. சுவிட்ச் வையுங்கள், வீட்டுக்குப் போடும் பிரேக்கரை அங்கே மாட்டாதீர்கள், தகடு மாட்டிய சட்டத்துக்கு எர்த் இழுங்கள் என்று. நான் அதைச் சொன்னதற்கு அபூ மிலாத், கனடாவுல உட்கார்ந்துக்கிட்டு உன் மக நம்ம மாடிக்குச் சட்டம் போடுறாளா நசீப், எந்த ஆபீசர் இங்க ஏறி வந்து பாக்கப்போறான் என்று சிரித்தான், நாற்பது வருஷம் மின்வேலை பார்த்த நானும் கூடச் சிரித்துவிட்டேன். செவ்வாய்க்கிழமை மதியம் அவன் மாடியில் மாட்டியிருந்த அதே வீட்டு பிரேக்கர் உருகிப் புகை கிளம்பியது. கீழே மெயினை அணைத்துவிட்ட தைரியத்தில் எரிகிற கம்பியைப் பிடுங்கக் கை நீட்டிவிட்டான். தொடாதடா என்று நான் கத்துவதற்குள் கரண்ட் அவனைத் தூக்கி அடித்துவிட்டது. அம்மா காயவைத்திருந்த கோதுமையை அப்படியே கொட்டிவிட்டு அடியிலிருந்த தார்ப்பாயை உருவிக் கொடுத்தாள், நடுச்சுவர் ஏறிப் போய் தகடுகளை மூடினேன், பொறி அடங்கியது. அவன் வலது உள்ளங்கை வெந்துவிட்டது, உயிருக்கு ஒன்றுமில்லை. ஆஸ்பத்திரியில் என் கையை விடாமல், நமக்கு வயசாயிடுச்சுடா என்றான்.

உன்னிடம் ஒன்று சொல்லவேண்டும் கண்ணு. நம் வீட்டில் சுவிட்ச் மாட்டினேன், எர்த் கம்பியும் இழுத்தாயிற்று என்று உன்னிடம் சொன்னது பொய். பிறகு பார்க்கலாம் என்று விட்டுவிட்டேன். புதன்கிழமை காலையில் முதல் வேலையாக சுவிட்சை மாட்டி, எர்த் கம்பியை மண்ணில் அடித்து இறக்கினேன், அம்மாவுக்கும் அன்றைக்குத்தான் தெரியும், இன்னும் சரியாக முகம் கொடுத்துப் பேசவில்லை.

கடவுள் உன்னை எந்தக் குறையும் இல்லாமல் காக்கட்டும். அபூ மிலாத் வீட்டுக்கு ஒரு வயரிங் படம் வரைந்து அனுப்பு, மறந்துவிடாதே, அரபியிலேயே பெரிய எழுத்தாக எழுதச் சொன்னான். இந்தத் தடவை நான் பக்கத்தில் நின்று ஒவ்வொரு கம்பியாகப் பார்க்கிறேன்.

உன் பேச்சைக் கேட்கத் தொடங்கிவிட்ட அப்பா,
நசீப்