களைக்காத பட்டை

அன்பு மகளுக்கு, அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் நலம், அவருடைய முழங்கால் மட்டும் தனிக்குடித்தனம் போனதுபோல எங்கள் பேச்சைக் கேட்பதில்லை. நீ வேளைக்குச் சாப்பிட்டு, சளி பிடிக்காமல் இருப்பாய் என்று நம்புகிறேன். போனில் நீ "என்னம்மா" என்றதும் சொல்ல வந்தது மறந்துவிடுகிறது, அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

உன் கம்பெனி வேலையைப் பற்றி வாராவாரம் நீ இணையத்தில் எழுதுவதை அப்பா எழுத்தைப் பெரிதாக்கித் தருகிறார், வாசித்துவிடுகிறேன். பாதி எனக்குப் புரிகிறது, மீதிக்கு அவர் புரிந்த மாதிரி தலையாட்டுகிறார். வேலை இடங்களில் மனிதர்கள் சும்மா இருக்கும் நேரத்தைக் கண்டுபிடித்துக் குறைப்பதுதான் இனி பெரிய தொழில் என்று போன வாரம் எழுதியிருந்தாயே, அதிலிருந்து எனக்குக் கேள்வி மேல் கேள்வி. சும்மா இருப்பது எது என்று அங்கே யார் முடிவு செய்கிறீர்கள்? இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிற்பது சும்மாவா? பக்கத்தில் இருப்பவளின் விரிப்பு நுனியைப் பிடித்துக் கொடுப்பது? கிண்டலுக்குக் கேட்கவில்லையடி, நிஜமாகவே தெரிந்துகொள்ள ஆசை. எங்கள் சலவைக்கூடத்துக்கும் அந்த வித்தை வந்துவிட்டது.

ஆஸ்பத்திரி விரிப்புகளை மடிக்கிற எங்கள் மேசையில் இப்போது ஆளுக்கொரு பட்டை. கைக்கடிகாரம் மாதிரி இருக்கும், நேரம் மட்டும் காட்டாது. கை வீசி மடிக்கும்போதெல்லாம் ஒன்று கூட்டிக்கொள்ளும், கொஞ்சம் நின்றால் மணிக்கட்டில் உறுமும். சாயங்காலம் சுவரில் இருக்கும் திரை யார் முதல், யார் கடைசி என்று ஊருக்கே காட்டும். தொடர்ந்து கடைசியில் நின்றால் வேலை போய்விடும். எனக்கு எதிரே நிற்கிற, நாங்கள் குருவி என்று கூப்பிடுகிற பெண்தான் தினமும் கடைசி. அவளுக்கு ஏழாம் மாதம், வயிறு மேசையில் இடிக்கிறது, கை எட்டவில்லை. சரிதான் போ என்று நாங்கள் முறை வைத்து, அவள் பட்டையையும் சேர்த்துக் கட்டிக்கொண்டு மடித்தோம். இளைப்பாறிவிட்டு வருகிறவள் வாங்கிக்கொள்வாள், கை ஓய்ந்ததும் அடுத்தவளிடம் கழற்றிக் கொடுப்பாள். எல்லோருடைய தெம்பும் அந்த ஒரு பட்டைக்குள் போனது, யாருடைய களைப்பும் போகவில்லை. எங்களில் ஒருத்திக்கும் அது உறைக்கவில்லை பார். அந்த வாரக் கடைசியில் திரையில் குருவிதான் முதல்! மேலாளர் கைதட்டினார். மறுநாளே திரை, தெம்பு அதிகம் உள்ளவள் என்று கணக்குப் போட்டு அவளை ஈரப் பகுதிக்கு மாற்றிவிட்டது, இயந்திரத்திலிருந்து நனைந்த விரிப்புகளை மொத்தமாக இழுத்துப் போடுகிற இடம், ஆம்பிளைகளே முனகுவார்கள். "அக்கா, என்னை ஜெயிக்க வெச்சே கொன்னுட்டீங்களேக்கா" என்று சிரித்தாள், சிரித்துக்கொண்டே அழுதாள்.

மேலாளரிடம் போய்க் கேட்டால், "நான் எங்கம்மா போட்டேன், சிஸ்டம் போடுது, நம்பர் ஒன்னுக்கு என்ன கஷ்டம்?" என்கிறார். இவ்வளவும் அவள் வயிற்றைப் பார்த்துக்கொண்டே. எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்தத் திரையையே மடித்து வைத்திருப்பேன். ஆனால் அதைவிட ஒரு யோசனை என்னைக் குடைகிறது. ஒரே மடிப்பை இரண்டு பட்டை எண்ணியதில், பட்டைகள் சொன்ன கணக்கு வண்டியில் அடுக்கிய விரிப்புகளைவிடக் கூடுதலாகத்தானே இருந்திருக்கும்? வண்டியை எட்டிப் பார்க்க ஒருவருக்குக்கூடத் தோன்றவில்லையே, அது ஏன்? உன் இடத்திலும் இப்படித்தானா? நாங்கள் சொன்ன பொய்யை அந்த சிஸ்டம் நம்பியது, அதை நீங்கள் எல்லோரும் நம்புகிறீர்கள். கர்ப்பிணி என்று அதற்குத் தெரிவிக்க அதில் இடம் வைத்திருக்கிறீர்களா? வைத்திருந்தால் யார் அழுத்த வேண்டும்? அவளா, அவரா?

பிறகு நான் ஆபீஸ் அறைக்குப் போய், குருவியின் பட்டையை அவளுக்கே தெரியாமல் நான்தான் கட்டிக்கொண்டேன் என்று மேலாளரிடம் சொல்லிவிட்டேன். கையில் இருப்பதை அவளுக்குத் தெரியாமல் எப்படிக் கழற்றினாய் என்று கேட்கக்கூட அவருக்குத் தோன்றவில்லை. குருவி மேசைக்குத் திரும்பிவிட்டாள். விசாரணை முடியும்வரை என்னை வீட்டில் இருக்கச் சொல்லியிருக்கிறார்கள். அப்பா, "உனக்கு எதுக்குடி இந்த வம்பு" என்று கத்திவிட்டு, சாயங்காலம் அவரே குருவி வீட்டுக்கு நொண்டிக்கொண்டு போய் விசாரித்துவிட்டு வந்தார். நீ பணம் அனுப்புகிறேன் என்று ஆரம்பிக்காதே, எனக்கு வேண்டியது பதில். இனி அவள் பட்டையைக் கட்ட ஆள் கிடையாது, மற்றவர்கள் பயந்துவிட்டார்கள், நேற்றும் அவள்தான் கடைசியாம். அதனால் தள்ளிப்போடாமல், உன்னோடு வேலை செய்கிறவர்களிடம் கேட்டு இந்த வாரமே இணையத்தில் எழுது. என் பெயர் வேண்டாம், அவள் வயிற்றை மறக்காமல் எழுது.

நோய் நொடியில்லாமல், நினைத்ததெல்லாம் கைகூடி, நீ நன்றாக இருக்க வேண்டும். மழையில் நனைந்தால் தலையைத் துவட்டு. கடிதம் இவ்வளவு நீண்டுவிட்டதே என்று பார்க்காதே, இந்த வாரம் நான் சும்மாதான் இருக்கிறேன்.

என்றும் உன்,
அம்மா