அப்பா தூக்கிய கை

அன்பு மகள் இங்கிரிட்டுக்கு,

இங்கே பனியும் நாங்களும் சுகம். வாஷிங்டனில் நீ வேளைக்குச் சாப்பிட்டுத் தூங்குகிறாயா என்பதுதான் என் கவலை. அப்பாவுக்கு இருமல் விட்டது. பக்கத்துப் பண்ணை டோரிஸ், "உங்க பொண்ணு ஜனாதிபதிக்கே பேச்சு எழுதிக் குடுக்குறாளாமே" என்றாள், ஆமாம் என்றேன், பெருமையாகச் சொல்லத்தான் வாய் வரவில்லை. உன் ஜனாதிபதி கெண்ட்வெல்லை அவர் கவர்னர் பதவிக்கு நின்ற நாளிலிருந்து பார்க்கிறேன். வக்கீலாக இருந்தபோது ஒரு கட்சி, கவர்னராக இன்னொரு கட்சி, செனட்டரானதும் கவர்னராகச் சொன்னதெல்லாம் மறந்துபோனது. வங்கிக்காரர் வீட்டுப் பிள்ளை, ஓட்டுக் கேட்க வரும்போது மட்டும் மடிப்புக் கலையாத புதுச் சட்டையில் விவசாயி ஆகிவிடுவார். நம் மாநிலக் கண்காட்சியில் பன்றி இறைச்சியைத் திருப்பிப் போடத் தெரியாமல் கருக்கிவிட்டு, அதையே போஸ்டர் அடித்து ஒட்டிய மனிதர். வெட்கங்கெட்ட ஜென்மம். இதையெல்லாம் சிரித்துக்கொண்டே பொறுத்தேன். ஆனால் போன வாரம் டிவியில், "மக்காச்சோளம் பறிக்கிற மெஷின்ல எங்க அப்பாவுக்கு மூணு விரல் போச்சு, மறுநாளே கட்டுப்போட்ட கையோட பால் கறந்தாரு" என்று கண்ணைத் துடைத்தாரே, அது உன் அப்பாவின் கை, இங்கிரிட். நீ எழுதிக் கொடுக்காமல் அந்த ஆளுக்கு எப்படித் தெரியும்? அப்பா சாப்பாட்டுத் தட்டை அப்படியே நகர்த்திவிட்டார். "எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்" என்றார், அவ்வளவுதான்.

திங்கட்கிழமை பள்ளிக்கூடத்து விளையாட்டு அறையில், அடுத்த ஜனாதிபதித் தேர்தலுக்கு வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் கட்சிக் கூட்டம். நம் ஊர் வழக்கம் உனக்குத் தெரியாததா, ஒளித்து ஓட்டுப் போட முடியாது, யாருக்கு ஆதரவோ அவருக்கான மூலையில் ஊர் பார்க்கப் போய் நிற்க வேண்டும். உன் வேலையை நினைத்து, கெண்ட்வெல் மூலைக்கே போவோம் என்று அப்பாவிடம் கெஞ்சினேன். "நீ போ, நான் தடுக்கல" என்று சொல்லிவிட்டு, கட்சிக்குள் அவரை எதிர்த்து நிற்கும் அந்த டீச்சரம்மாவின் மூலையில் தன்னந்தனியாகப் போய் நின்றார். எண்ண வந்தவர் கையைத் தூக்கச் சொன்னார். எப்போதும் கோட்டுப் பைக்குள்ளேயே வைத்திருக்கும், இரண்டே விரல் மிஞ்சிய வலது கையை அப்பா எடுத்துத் தூக்கினார். கெண்ட்வெல் பேச்சை எல்லோரும்தான் கேட்டிருந்தார்கள், எல்லோரும் அந்தக் கையையே பார்த்தார்கள். முதலில் டோரிஸ் எழுந்து அவர் பக்கம் போனாள், பின்னாலேயே முக்கால்வாசி ஊர் போனது, கடைசியில், கெண்ட்வெல் மூலையில் நின்றிருந்த நானும் போனேன். இதனால் உன் வேலைக்கு ஆபத்து வருமோ என்று எனக்குப் பயம்தான். வந்தால் வரட்டும், உன் அறையில் கட்டில் அப்படியே இருக்கிறது.

அந்த ஆளின் வாயில் இனி எதை வேண்டுமானாலும் வை, நம் வீட்டை மட்டும் வைக்காதே. கையுறை இல்லாமல் வெளியே போகாதே. கடவுள் உனக்கு நல்ல புத்தியும் நீண்ட ஆயுளும் கொடுக்கட்டும். மறக்காமல் போன் செய், என்னிடம் அல்ல, அப்பாவிடம். போனுக்குப் பக்கத்து நாற்காலியிலேயே உட்கார்ந்திருக்கிறார், பால் கறக்கப் போகும்போது மட்டும் என்னை உட்காரச் சொல்கிறார்.

உன் அம்மா,
வெர்னா